வாடகைதாரர் குடியிருக்கும் வீட்டை விற்கலாமா? சட்டமும் மார்க்கமும் காட்டும் வழி

நம் குடும்பங்களில் வாடகை வீடு என்பது பெரும்பாலும் ஒருவருடைய பல ஆண்டு உழைப்பு. சவூதியிலோ துபையிலோ பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கட்டியதாக இருக்கும். அல்லது வாப்பா விட்டுச் சென்றதாக இருக்கும். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, கடன், வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தல் என்று ஒரு தேவை வரும்போது அதை விற்க முடிவு செய்கிறோம். அப்போதுதான் சிக்கல் தலைதூக்குகிறது. குடியிருப்பவர் பல மாதங்களாக வாடகை தரவில்லை. காலி செய்யச் சொன்னால் நாள் கடத்துகிறார். வாங்க வருபவரோ, ஆளைக் காலி செய்துவிட்டு வாருங்கள் என்கிறார்.

இந்த நெருக்கடியில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டுப் போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது என்று இறங்குவது ஒன்று. பிரச்சினையை மறைத்து, வாங்குபவர் தலையில் வீட்டைக் கட்டிவிடுவது மற்றொன்று. இரண்டுமே சட்டப்படி ஆபத்தானவை, மார்க்கப்படி பாவமானவை. முறையான வழி எது என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து இங்கே பார்ப்போம்.

விற்பதற்குத் தடை உண்டா?

இல்லை. வாடகைதாரர் இருக்கும்போதே வீட்டை விற்கலாம். ஆனால் விற்றுவிட்டதால் அவருடைய வாடகை உரிமை முறிந்துவிடாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 109-இன்படி, வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வருகிறார். ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால் அதை அவரும் மதிக்க வேண்டும்.

இதே பிரிவில் கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. விற்பனைக்கு முந்தைய வாடகை பாக்கி, தனியாக எழுதிக்கொண்டால் தவிர, வாங்குபவரைச் சேராது. வீடு கைமாறியது தெரியாமல் வாடகைதாரர் பழைய உரிமையாளரிடமே வாடகை கொடுத்திருந்தால், புதியவர் அதை மீண்டும் கேட்க முடியாது. எனவே பத்திரம் பதிவானவுடன் வாடகைதாரருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம்.

ஃபிக்ஹு நூல்களிலும் இந்தக் கேள்வி பேசப்பட்டுள்ளது. வாடகைக்கு விட்ட பொருளை வேறொருவருக்கு விற்பது செல்லும், வாடகை ஒப்பந்தமும் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. தவணை முடியும்வரை அனுபவிக்கும் உரிமை வாடகைதாரருக்கே. வாடகைக்கு இருப்பது தெரியாமல் வாங்கியவருக்கு, விற்பனையை ரத்து செய்யும் உரிமையும் உண்டு. ஹனஃபி மத்ஹபில், வாடகைதாரர் சம்மதிக்கும்வரை அல்லது தவணை முடியும்வரை அந்த விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதப்படும். தங்கள் குடும்பத்துக்குரிய தீர்ப்பை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மறைத்து விற்கக் கூடாது

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதையும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வாடகை தராத, காலி செய்ய மறுக்கும் ஆள் இருப்பதும் வீட்டுக்குள் இருக்கும் ஈரம்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. ஒரு வீட்டில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரித்து அறிந்ததாகவே சட்டம் அவரைக் கருதும். ஆகவே வாங்கும் குடும்பங்கள் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு நேரில் போய்க் குடியிருப்பவரிடமும் பேச வேண்டும்.

குறிப்பாக ஒத்திக்கு விட்ட வீடுகளில் இது முக்கியம். பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வாடகையின்றிக் குடியமர்த்தும் இந்த முறையில், பலர் பதிவு செய்வதே இல்லை. அதனால் வில்லங்கச் சான்றில் எதுவும் தெரியாது. ஒத்திப் பணம் கைக்கு வராமல் அவர் வெளியேற மாட்டார். அதை யார், எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்ய வேண்டும். கடன் கொடுத்ததற்குப் பகரமாக வீட்டை அனுபவிக்கும் இம்முறையை வட்டியைச் சேர்ந்தது என்று ஆலிம்கள் எச்சரிப்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

காலி செய்ய வைக்கும் முறை

தமிழ்நாட்டில் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 என்ற சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். 11 மாத ஒப்பந்தம்தானே என்று முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வது போதாது. வீடு கிராம ஊராட்சியில் இருந்தால், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, கேட்பு அறிவிப்பு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் செலுத்தாதது, எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டது, அறிவிப்பு கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை வாடகை நீதிமன்றத்தை அணுகுவதற்கான காரணங்களில் சில. விற்க வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட, ஆவணத்தால் நிரூபிக்கக்கூடிய காரணமே வழக்கில் நிற்கும். எனவே வாடகை ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், அனுப்பிய அறிவிப்பின் நகல், அஞ்சல் ஒப்புகை ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், வாடகைதாரர் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் செய்யலாம். சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டை மீண்டும் பெற 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், பிரிவு 6 இடம் தருகிறது. நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

வழக்கு இல்லாமல் முடிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். முதலில், அவர் ஏன் தரவில்லை என்று பார்க்க வேண்டும். உண்மையிலேயே வேலை இழந்தவர், நோயாளி, குடும்பத் தலைவரை இழந்தவர் என்றால், சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் அல்குர்ஆன் (2:280) நமக்கு வழிகாட்டுகிறது. வசதி இருந்தும் இழுத்தடிப்பவர் செய்வது அநீதி என்பதையும் நபிமொழி தெளிவாக்கியுள்ளது. இருவரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

பாக்கியின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது, வீடு மாறும் செலவுக்கு ஒரு தொகை கொடுப்பது, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சம்மதிப்பது ஆகியவை இரண்டு ஆண்டு வழக்கைவிட மலிவாக முடியலாம். அவருக்கே வீட்டை வாங்கும் சக்தி இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மஹல்லா ஜமாஅத் பெரியவர்களை வைத்துப் பேசுவதும் நல்லது. ஆனால் ஜமாஅத் சமரசம் செய்யலாமே தவிர, வெளியேற்றும் உத்தரவு போட முடியாது. பேசி முடித்ததைக் காலி செய்யும் தேதியோடு எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மீதி அட்வான்ஸைச் சாவி வாங்கும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வாடகைதாரரோடு சேர்த்தே விற்பதாக இருந்தால் விலை சற்றுக் குறையும். அதை ஏற்றுக்கொண்டு, குடியிருப்பவர் யார், வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா என்பதை எழுத வேண்டும். பாக்கியை வசூலிப்பது யார், அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதும் இடம்பெற வேண்டும். காலியாக ஒப்படைப்பேன் என்று எழுதிக் கொடுத்து முன்பணம் வாங்கிய பிறகு ஆள் வெளியேறாவிட்டால், வாக்குறுதியை மீறியவர் விற்பவரே. காலி செய்யும் தேதி உறுதியாகாமல் அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது.

வாப்பா பெயரில் உள்ள வீடு என்றால், வாடகை வாங்கி வந்த மூத்த மகன் மட்டும் விற்க முடியாது. அவர் தம்முடைய பங்கை மட்டுமே விற்கலாம். உம்மாவும் சகோதரிகளும் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். அவரவர் பங்கு அவரவர் கைக்குப் போக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை அனுப்பினால், அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் விற்கும்போது வரிப் பிடித்த விதிகளும் வேறு என்பதால், தணிக்கையாளரிடம் முன்னரே ஆலோசிக்க வேண்டும்.

வீட்டை விற்று வரும் பணத்தில்தான் மகளின் நிக்காஹும், வாரிசுகளின் பங்கும், கடன் அடைப்பும் நடக்கப் போகின்றன. அதில் ஒரு வாடகைதாரரின் கண்ணீரோ, ஏமாந்த ஒருவரின் மனக்குமுறலோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.