கேம் டிசைனில் பேராசிரியர் ஆகலாமா? திருவொற்றியூரிலிருந்து ஒரு ரூட் மேப்

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, இறால், அலையாத்தி... எதை முதலில் காப்பாற்றுவது? இதைப் பாடமாகப் படித்தால் மறந்துபோகும். மாணவரே முடிவெடுக்கும் கேமாகக் கொடுத்தால் மனசில் நிற்கும். கல்விக்கான கேம் டிசைன் என்பது இதுதான்.

இது புதுசா?

இல்லை. 'தி ஓரிகான் டிரெயில்' கேமை 1971-லேயே அமெரிக்காவில் வரலாற்று வகுப்புக்காக உருவாக்கினார்கள். செய்தவர்கள், ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று பேர்.

எங்கே படிக்கலாம்?

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனுக்கே எம்.டெஸ். இருக்கு. ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். சேர 'சீட்' தேர்வு எழுதணும். வயது வரம்பு கிடையாது. சென்னையிலேயே மல்டிமீடியா அடித்தளம் வேணுமா? அண்ணா பல்கலைக்கழக மீடியா சயின்சஸ் துறையைப் பாருங்க. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமலே கிண்டி.

பிஎச்.டி. கட்டாயமா?

உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்கிறது யு.ஜி.சி. சிக்கல் இங்கேதான்: நெட் தேர்வில் கேம் டிசைனுக்குத் தனிப் பாடம் இல்லை. மீடியா படித்தவர்கள் பெரும்பாலும் இதழியல் பாடத்தில்தான் எழுதணும். அதனால், எந்தப் பாடத்தில் நெட் எழுதலாம் என்று பார்த்துவிட்டு முதுகலையில் சேருங்க.

முதல் ஸ்டெப்?

கோடிங் வேண்டாம். அட்டையில் ஒரு போர்டு கேம் செய்து, தெருப் பிள்ளைகளை ஆடவிடுங்க. ஆடுவதற்கு முன்னும் பின்னும் அதே ஐந்து கேள்விகளைக் கேளுங்க. பதில்களில் என்ன மாறியது என்று காட்டுவதுதான் இந்தத் துறையில் ஆராய்ச்சி.