சுவை தெரியாத விஷம்

சர்க்கரைத் தண்ணீர் நிரம்பிய இரண்டு குழாய்கள். ஒன்றில் மட்டும் துளியூண்டு பூச்சிமருந்து. பம்பிள்பீ என்ற தேனீ வகை எதைக் குடிக்கும்? கசப்பை ஒதுக்குகிற பிராணி மருந்தையும் ஒதுக்கிவிடும், வேறு பூவைத் தேடிப் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 2015-இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் ரைட்டின் குழு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. இமிடாகுளோபிரிட், தயமெத்தாக்சம் என்ற பூச்சிமருந்துகள் கலந்த தண்ணீரையே தேனீக்கள் கூடுதலாக நாடின.

வாயுறுப்பில் உள்ள மெல்லிய மயிர்கள் தேனீக்குச் சுவை சொல்பவை. அவற்றின் நரம்புகளில் மின்துடிப்பை அளந்து பார்த்தார்கள். மருந்து பட்டதற்கான அறிகுறியே இல்லை. நாக்குக்குத் தெரியாதது மூளையில்தான் வேலை செய்கிறது போலும்: நியோனிகோட்டினாய்டு எனப்படும் இந்த வகை மருந்துகள், புகையிலையின் நிகோட்டின் போய் ஒட்டும் அதே நரம்பு ஏற்பிகளில்தான் ஒட்டுகின்றன. இதில் ஒரு விசித்திரம், மருந்துத் தண்ணீரை நாடிய தேனீக்கள் மொத்தத்தில் குறைவாகவே சாப்பிட்டன.

முதல் நாளே வந்துவிடும் ஆசையும் அல்ல இது. 2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பம்பிள்பீக் கூட்டங்களைப் பத்து நாள் கவனித்தார்கள். நாளாக ஆக, தயமெத்தாக்சம் கலந்த தீனிக்கு வரும் கூட்டம் கூடியது. தீனியை இடம் மாற்றி வைத்தாலும் விடவில்லை, தேடிப் போயின.

மகரந்தத்தின் கதை வேறு. பின்னங்காலில் உருட்டி ஒட்டிக்கொண்டு வரும் அந்த மஞ்சள் உருண்டைதான் புழுக்களுக்குப் புரதம். இமிடாகுளோபிரிட் உண்ட கூட்டத்துத் தேனீக்கள் மணிக்கு 31 சதவீதம் குறைவான மகரந்தமே கொண்டுவந்ததாக 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு சொல்கிறது. பூந்தேன் சேகரிப்பு குறையவில்லை. அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கூடு நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். ஆனால் பம்பிள்பீக் கூட்டம் குளிர்காலத்துக்கு முன்பே அழிந்துவிடும், புது ராணிகள் மட்டுமே அடுத்த வசந்தம் வரை தாங்கும். மருந்து தின்ற கூடுகளில் அந்த ராணிகள் 85 சதவீதம் குறைந்ததை 2012-லேயே ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தினர் கண்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும், மருந்துகளுக்கு அனுமதி தரும் முன் நடந்த சோதனைகள் பெரும்பாலும் வளர்ப்புத் தேனீயை நம்பியே நடந்தன. அது தவறான அளவுகோல் என்பது என் எண்ணம். 2015-இல் ஸ்வீடனில் மருந்து பூசிய விதையில் விளைந்த ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துப் பயிரின் வயல்களை ஆராய்ந்தபோது, ஆயிரக்கணக்கில் வேலைக்காரிகள் உள்ள வளர்ப்புத் தேனீக் கூடுகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதே வயல்களில் பம்பிள்பீக் கூடுகள் சரியாக வளரவில்லை. தனியாகக் கூடு கட்டும் காட்டுத் தேனீக்கள் கூடு கட்டவே இல்லை. மூன்று நியோனிகோட்டினாய்டுகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது.