அம்மாவின் நோய்க்கு என்ன பெயர்?

நோயும் நினைவும் – 9

1856 மே மாதம். லண்டனின் வடபகுதியில், இஸ்லிங்டனில் ஒரு வீடு. காலைச் சாப்பாட்டு மேசையில் அப்பா, அம்மா, ஆறு வயது மகன் என்று மூன்றே பேர். தட்டில் இருப்பதைத் துண்டு போட்டபடியே, தலை நிமிராமல் பையன் ஒரு சொல்லைச் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான். பதில் வரவில்லை. ஏன் என்று நிமிர்ந்து பார்க்கிறான். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவன் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை.

முந்தின இரவு காதில் விழுந்த சொல் அது. அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பெற்றோர் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் போய் வந்த அம்மா, அவர் சொன்ன நோயின் பெயரைச் சொன்னார். இருவரும் பேச்சின்றிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் முழங்கால் போட்டார்கள். அப்பா குரலெடுத்து ஜெபம் செய்ய ஆரம்பித்தார். பையன் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனான்.

அந்த அம்மா எமிலி காஸ். நோய், மார்பகப் புற்றுநோய்.

சென்ற வாரம் பார்த்த ஃபேனி பர்னி, 1811-ல் பாரிஸில் மயக்க மருந்தே இல்லாமல் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதைத் தன் கையாலேயே எழுதிவைத்தவர். எமிலியின் கதையை எழுதியவர்கள் வேறு இரண்டு பேர். ஒருவர் கணவர். இன்னொருவர், அந்தக் கேள்வியைக் கேட்ட மகன். இரண்டு புத்தகங்களுக்கும் இடையே ஐம்பது வருட இடைவெளி.

எமிலி பௌஸ் 1806-ல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்தவர்கள். குடும்பம் நொடித்துப் போனதால், வசதியான வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்து சம்பாதித்தார். பிளிமத் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பிரதரன் சபை என்று அறியப்படுகிற அதே இயக்கம்தான். அதன் முன்னோடிகளில் ஒருவரான ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்து உழைத்தவர். தமிழ் சுவிசேஷகர் அருளப்பன் அவருடைய தோழர்.

அந்தச் சபைக் கூட்டத்தில்தான் எமிலிக்கு பிலிப் ஹென்றி காஸ் அறிமுகமானார். கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த இயற்கை விஞ்ஞானி. ‘அக்வேரியம்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1848-ல் திருமணம் நடந்தபோது எமிலிக்கு 42 வயது, பிலிப்புக்கு 38. மறுவருடம் எட்மண்ட் பிறந்தான். பிரசவம் மிகக் கஷ்டமாக இருந்தது. குழந்தை உயிரோடு இல்லை என்று நினைத்து ஓரமாகக் கிடத்திவிட்டு, எல்லாரும் தாயைக் காப்பாற்றுவதிலேயே இருந்தார்கள். அங்கிருந்த ஒரு கிழவிதான் குழந்தையைத் தேய்த்துத் தட்டி மூச்சு வரவைத்தார். அன்று பிலிப்பின் டைரியில், மகன் பிறந்த செய்தியும் ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்துசேர்ந்த செய்தியும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அந்த வீட்டில் கதைப் புத்தகம் கிடையாது. பொய்யாகக் கற்பனை செய்து சொல்லும் எந்தக் கதையும் பாவம் என்பது எமிலியின் உறுதியான நம்பிக்கை. சின்ன வயதில் தம்பிகளுக்கு விதவிதமாகக் கதை கட்டிச் சொன்னவர்தான் அவர். பாடம் சொல்லித்தந்த ஆசிரியை அதைக் கண்டுபிடித்து, அது பொல்லாத பழக்கம் என்று கண்டித்தார். அன்றிலிருந்து கதை சொல்லும் ஆசையோடு ஆயுள் முழுக்கப் போராடினார் எமிலி. ஆனால் ஆசை முழுதாக அடங்கிவிடவில்லை. அவர் எழுதிய சுவிசேஷக் கைப்பிரதிகளில் நிஜ மனிதர்களின் வாழ்க்கைச் சம்பவங்கள் விறுவிறுப்போடு வந்தன. கிரிமியப் போரில் ஆல்மா சண்டைக்குப் போன இளம் சிப்பாய் ஒருவனைப் பற்றிய கைப்பிரதி மட்டும் ஐந்து லட்சம் பிரதிகள் பரவியது என்று பின்னாளில் மகன் எழுதினார்.

1856 ஏப்ரல் கடைசியில் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அன்றைய லண்டனின் பெயர் பெற்ற மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், கத்தி வைக்கத்தான் வேண்டும் என்றார். குளோரோஃபார்ம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வலி தெரியாமல் அறுக்கலாம். ஆனால் அறுத்த புண் சீழ் பிடிப்பதைத் தடுக்க யாருக்கும் வழி தெரியாது. ஜோசஃப் லிஸ்டர் தன் கிருமிநாசினி முறையை வெளியிட இன்னும் பதினோரு வருடம் இருந்தது. பயப்படக் காரணம் இருந்த காலம் அது.

அப்போது கத்தியே இல்லாமல் புற்றைக் கரைப்பதாகச் சொன்ன ஓர் அமெரிக்க டாக்டர் லண்டனில் இருந்தார். பெயர் ஜெஸ்ஸி வெல்டன் ஃபெல். எமிலி அவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த வைத்தியம் இப்படி நடக்கும்: முதலில் நைட்ரிக் அமிலத்தால் மார்பின் தோலைப் பொசுக்குவார்கள். பிறகு கட்டியின் மேல் வரிசையாகக் கீறல்கள் போட்டு, களிம்பு தடவிய துணிக் கீற்றுகளை அந்தக் கீறல்களுக்குள் திணிப்பார்கள். நாளுக்கு நாள் கீறல்கள் ஆழமாகும். களிம்பும் உள்ளே இறங்கும். கடைசியில் கட்டி செத்து, தானாகக் கழன்று விழ வேண்டும். களிம்பில் இருந்தவை துத்தநாகக் குளோரைடும், வட அமெரிக்கப் பழங்குடியினர் பயன்படுத்திய ஒரு செடியின் சிவப்புச் சாறு வடியும் கிழங்கும். கத்தி வேண்டாம் என்று வந்தவருக்குத் தினமும் கீறல்.

முதலில் வாரம் மூன்று முறை இஸ்லிங்டனிலிருந்து பிம்லிகோவுக்குப் போய்வந்தார். அந்த வலியோடும் குதிரை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கைப்பிரதி கொடுத்து இயேசுவைப் பற்றிப் பேசினார். பிறகு பயணம் முடியாமல் போக, டாக்டர் வீட்டுக்கு அருகே பிம்லிகோவிலேயே அறை எடுத்துத் தங்கினார். வருமானத்துக்காக பிலிப் எழுத்து வேலையையும் சொற்பொழிவுகளையும் விட முடியாத நிலை, முடிந்தபோதெல்லாம் வந்துபோனார். மற்ற நேரமெல்லாம் எமிலிக்குத் துணை எட்மண்ட்தான். அந்த இலையுதிர் காலத்தில் அவனுக்கு ஏழு வயது நிறைந்திருந்தது. தலையணையைச் சரி செய்தான், மருந்து எடுத்துக் கொடுத்தான். அம்மா கேட்டபோதெல்லாம் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றிய கனமான விளக்க நூலைச் சத்தமாக வாசித்தான். பாதி புரியாது. ஆனாலும் தட்டாமல் வாசித்தான்.

கட்டி விழுந்தது. நோய் போகவில்லை, உள்ளே பரவியிருந்தது. டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். வயது 50. அடக்கம் ஏப்னி பார்க் கல்லறைத் தோட்டத்தில்.

அதே வருடம் ஃபெல்லின் முறையைச் சோதித்துப் பார்த்த மிடில்செக்ஸ் மருத்துவமனை அறுவை மருத்துவர்கள் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். அந்தக் களிம்பு இன்னும் ஒழிந்துவிடவில்லை. அதே இரண்டு பொருள்களும் சேர்ந்த ‘கறுப்புக் களிம்பு’ இன்றைக்கும் இணையத்தில் விற்பனையாகிறது. அதைத் தொட வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. கத்திக்குப் பயந்து வேறு வழி தேடும் ஒவ்வொருவரும் எமிலியின் அந்த மாதங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துக்கத்தின் சூடு ஆறுவதற்குள், 1857-லேயே, மனைவியின் கடைசி நாள்களைப் பற்றி பிலிப் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு விஞ்ஞானியின் கண்ணோடு அதில் பதிந்திருக்கிறார். ஆனாலும் அவர் காட்ட விரும்பியது விசுவாசம் குலையாத ஒரு பெண்ணை.

மகனின் புத்தகம் 1907-ல், ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. பெயர் ‘தந்தையும் மகனும்’. கதையே நுழையாத வீட்டில் வளர்ந்த எட்மண்ட், அதற்குள் நாடகாசிரியர் இப்சனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த விமர்சகர், பிரபுக்கள் சபையின் நூலகர், வயது 58. மரணப் படுக்கையில் அம்மா தன் ஆட்டுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு தன்னோடு நடந்து வரும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டதாக அதில் எழுதுகிறார். அந்த ஆட்டுக்குட்டி அவர்தான். ஊழியத்துக்கென்று தன்னை அம்மா ஒப்புக்கொடுத்துவிட்டுப் போன அந்தக் கடைசி ஆசை, இளமை முழுக்கத் தோளில் பாரமாக இருந்தது என்கிறார். அப்பாவின் நம்பிக்கையை விட்டு வெகுதூரம் விலகிப்போனவர் அவர். அந்தப் புத்தகத்தில் வரும் அப்பா நிஜ பிலிப்பைவிடக் கடுமையானவர் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆன் த்வெயிட் பின்னாளில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் பிம்லிகோ அறையைப் பற்றிய பக்கங்களில் கோபம் இல்லை. அங்கே ஓர் அம்மாவும் பிள்ளையும் மட்டும் இருக்கிறார்கள்.

அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையும் அதே புத்தகத்தில்தான் வருகிறது. பையனின் கேள்வியை எழுதும்போது, நோயின் பெயர் வர வேண்டிய இடத்தில் எட்மண்ட் ஒரு சிறு கோடு மட்டும் போட்டிருக்கிறார்.

(தொடரும்)