மேற்கோள் கணக்கில் வராத தோட்டத்துப் பெண்கள்

பிரசவத்தில் தாய் இறப்பதைத் தடுக்க ஒரு நாடு முதலில் பணக்கார நாடாக வேண்டிய அவசியமில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய நூல்களில் ஒன்று மலேசியாவிலிருந்து போனது. உலக வங்கி 2003-இல் வெளியிட்ட அந்நூல், மலேசியாவும் இலங்கையும் ஐம்பது ஆண்டுகளில் தாய்மார் இறப்பை எப்படிக் குறைத்தன என்பதை ஆராய்கிறது. முதன்மை ஆசிரியர், மலேசியப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய டாக்டர் இந்திரா பத்மநாதன். 1950 வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே வந்துவிட்டது. பெரிய மருத்துவமனைகள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பயிற்சி பெற்ற தாதியரைக் கிராமங்களில் குடியமர்த்தியது, கிராம மருத்துவச்சிகளான கம்பத்துப் பிடான்களைப் பகைக்காமல் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தது, சேவையை ஏழைகளுக்கு இலவசமாக்கியது, ஒவ்வொரு தாயின் சாவையும் தனித்தனியாக விசாரிக்கும் முறையை 1991-இல் தொடங்கியது என்று படிப்படியாக நடந்த மாற்றம் இது. தாய்சேய் நலம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இந்த நூலைத் தொடர்ந்து மேற்கோள் காட்டி வருகிறார்கள். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் கோல சிலாங்கூரின் தோட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் நல ஆய்வுகளைப் படிக்கிறவருக்கு அடுத்த கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிறோம். அந்த ஆய்வு எந்தப் பெண்களை எண்ணியது என்று யார் கேட்கிறார்கள்?

மேற்கோள் எண்ணிக்கை என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன் அதே பொருளில் எழுதியவர்களைக் கட்டுரையின் கடைசியில் பட்டியலிடுகிறார். அப்படி ஒருவருடைய எழுத்து எத்தனை முறை பிறருடைய பட்டியல்களில் இடம்பெற்றது என்பதே அவருடைய மேற்கோள் எண்ணிக்கை. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1964-இல் இதை ஒரு பெரிய அட்டவணையாக வெளியிடத் தொடங்கினார். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் அதை ஒரே எண்ணில் அடக்கினார். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு குறைந்தது 20. மலாயாப் பல்கலைக்கழகம் உட்பட நான்கு பல்கலைக்கழகங்கள் 2006-இல் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு, மலேசியக் கல்வியாளர்களின் வாழ்க்கையிலும் இத்தகைய எண்கள் முக்கியமாகிவிட்டன. பதவி உயர்வு, ஆய்வு மானியம், பல்கலைக்கழகத்தின் தரவரிசை எல்லாமே இவற்றைச் சார்ந்து நிற்கின்றன. இந்த எண் ஒன்றைச் சரியாகவே சொல்கிறது: சக ஆய்வாளர்களுக்கு ஓர் எழுத்து எவ்வளவு பயன்பட்டது என்பதை. ஆய்வின் பொருளாக இருந்த பெண்ணுக்கு அது பயன்பட்டதா என்பது அதில் தெரியாது. எழுதப்படாத ஆய்வுக்கு மேற்கோளும் கிடையாது. ஆகவே யாரும் ஆராயாத பெண்கள் அந்தக் கணக்கில் வெற்றிடமாகக்கூடத் தென்படுவதில்லை.

அப்படி விடுபட்டவர்கள் வாழ்ந்த நிலம் வட சிலாங்கூர். பத்தாங் பெர்ஜுந்தை என்று மக்கள் இன்னும் அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே தெனமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், ராஜா மூசா, சுங்கை திங்கி என்று சுற்றிலும் ரப்பரும் செம்பனையுமாக விரிந்த தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்கள் உழைத்தார்கள். இந்திரா பத்மநாதனின் நூல் புகழும் கிராமச் சுகாதாரச் சேவை கம்பங்களை நோக்கி அமைக்கப்பட்டது. தோட்டமோ தனியார் நிலம். அங்கே குடியிருப்பு, குடிநீர், மருந்து, ஆயாக் கொட்டகை எல்லாம் முதலாளியின் சட்டக் கடமை. தோட்டக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு முதல் மருத்துவர், தோட்டத்து டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர்தான். அவரும் நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர். காய்ச்சல், காயம், பிரசவம் ஆகியவற்றில் பல டிரெஸ்ஸர்கள் அருமையாக உழைத்தார்கள். ஆனால் வேலையால் வரும் நோயை எழுதி வைப்பது, வேலை கொடுக்கிறவருக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வைப்பதாகிவிடும். காலனிய ஆட்சியின் தொழிலாளர் இலாகா தோட்டத்து இறப்புகளைத் தனியாகக் கணக்கிட்டது. கூலியாள் குறைந்தால் ரப்பர் குறையும் என்ற அக்கறைதான் காரணம். விடுதலைக்குப் பிந்திய தேசியக் கணக்குகள் இனம், மாநிலம், நகரம், கிராமம் என்று பிரித்தன. இந்தியர் என்ற ஒரே பத்தியில் பிரிக்ஃபீல்ட்ஸ் வழக்கறிஞரின் மனைவியும் சுங்கை திங்கியில் களைக்கொல்லி மருந்தடித்த பெண்ணும் ஒன்றாக விழுந்தார்கள். சராசரி நன்றாக இருந்தது. சராசரிக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வழியில்லாமல் போனது.

மருந்தடிப்பதுதான் இதில் மிகக் கனமான பகுதி. ரப்பர் காலத்தில் பால்வெட்டும் புல்வெட்டும் செய்த பெண்கள், களைக்கொல்லி வந்த பிறகு, முதுகில் 15 லிட்டருக்கு மேற்பட்ட பம்பைச் சுமந்து செம்பனை வரிசைகளுக்கிடையே நடந்தார்கள். அதிகம் தெளிக்கப்பட்டவற்றில் ஒன்று பாராகுவாட். கிராமக்சோன் என்ற பெயரில் பலரும் அறிந்தது. நகம் கருத்துக் கழன்று விழுவது, மூக்கில் இரத்தம் வருவது, தோல் வெந்து புண்ணாவது, கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கப்படுவது எல்லாம் அதன் நன்கு அறியப்பட்ட விளைவுகள். வயிற்றுக்குள் போனால் நுரையீரலை அழிக்கும். முறிமருந்து கிடையாது. வெயிலில் முகமூடியும் கையுறையும் அணிந்து முழுநாளும் நடக்க முடியாது என்பது மலேசிய வெப்பத்தை அறிந்த எவருக்கும் புரியும். இந்தப் பெண்களைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. ஐரீன் ஃபெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து இரண்டு அறிக்கைகளைக் கொண்டுவந்தன. வசந்தி ஆறுமுகம் எழுதிய முதல் அறிக்கை 1992-இல் வந்தது, இரண்டாவது 2002-இல். பெண்கள் தங்கள் உடலைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, அதை ஆவணமாக்கியதே இவற்றின் பெரிய வேலை. ஆய்விதழ்களின் அட்டவணையில் இவற்றுக்கு இடமில்லை. எச்-குறியீட்டில் இவை யாருக்கும் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அது வலுவான மறுப்பு. இவை போராட்ட அமைப்புகளின் ஆய்வுகள், சிறிய மாதிரி, பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியவை, மருந்தடிக்காத பெண்களோடு ஒப்பிடவில்லை என்பார்கள். அறிகுறிகளை ஒருவர் சொல்வதற்கும் அவற்றின் காரணத்தை நிரூபிப்பதற்கும் தூரம் இருப்பது உண்மைதான். இரத்தப் பரிசோதனைகூட எல்லாவற்றையும் காட்டிவிடாது. கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்கும் வழக்கமான சோதனை ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகளைக் காட்டும், பாராகுவாட்டைக் காட்டாது. இந்தக் குறைகளையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைகளை நிரப்பும் கருவிகள் யாரிடம் இருந்தன? தோட்டத்தின் பெயர்ப்பட்டியலைப் பெற்று, நூற்றுக்கணக்கான பெண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராயும் வசதி பல்கலைக்கழகத்துக்கும் அரசுக்கும்தான் உண்டு. ஏழை அமைப்பின் ஆய்வு சிறியது என்று சொல்லி ஒதுக்குகிறவர், பெரிய ஆய்வு ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்தப் பெரிய ஆய்வு இல்லாததற்குக் கொடுத்த விலையைப் பாராகுவாட்டின் வரலாறே காட்டுகிறது. 2002 ஆகஸ்டில் மலேசியா பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அறிவித்தது. பெண்களின் வாக்குமூலங்களுக்கும் அந்த அமைப்புகளின் பிரச்சாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. தோட்ட முதலாளிகளும் உற்பத்தியாளர்களும் விடவில்லை; மலிவான மாற்று இல்லை என்று வாதாடினார்கள். 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. ஸ்வீடன் 1983-இலேயே தடைசெய்த மருந்து அது. இடைப்பட்ட ஆண்டுகளில், எத்தனை பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று மறுக்க முடியாத உள்ளூர் ஆய்வுகள் பத்துப் பதினைந்து மேசையில் இருந்திருந்தால், பின்வாங்குவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு. ஆகவே ஆய்விதழும் மேற்கோளும் வேண்டாம் என்பதல்ல என் வாதம். தோட்டத்துப் பெண்ணுக்கு அவை தேவைப்பட்டபோது கிடைக்கவில்லை என்பதே என் குறை.

பூச்சிக்கொல்லியும் உடல்நலமும் பற்றி உலகம் இன்று மேற்கோள் காட்டும் சான்றுகளில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-இல் தொடங்கிய வேளாண் உடல்நல ஆய்வு ஏறத்தாழ 89,000 பேரைப் பின்தொடர்கிறது. அதிலிருந்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்துள்ளன. பாராகுவாட்டுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற, இன்னும் முடியாத விவாதத்துக்கும் அது தரவு தந்தது. அந்த ஆய்வில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் மருந்தடிக்கும் விவசாயிகளின் மனைவிமார். நாள் முழுக்க, வாரம் ஆறு நாள், கூலிக்குப் பம்பு சுமந்த பெண் அதில் இல்லை. அவளுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்பதை அயோவாப் பண்ணை வீட்டுப் பெண்ணின் உடலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவள் அடித்த மருந்தின் அளவும் வெப்பமும், அவளுடைய ஊட்டமும், அவள் கண்ட கர்ப்பங்களின் எண்ணிக்கையும் எல்லாமே வேறு.

எண்ணை விட்டால் வேண்டியவர்களுக்கு வேண்டியபடி பதவி போகும், மேற்கோள் கணக்கு ஒன்றுதான் நடுநிலை என்று சிலர் அஞ்சுவது புரிகிறது. அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. எண்ணை வைத்துக்கொண்டே அதனுடன் இன்னொன்றைச் சேர்க்கலாம். ஆய்வு மதிப்பீடு குறித்து 2015-இல் வெளியான லெய்டன் அறிக்கை, உள்ளூருக்கு முக்கியமான ஆய்வைப் பாதுகாக்க வேண்டும் என்று தன் பத்து நெறிகளில் ஒன்றாகவே சொல்கிறது. தோட்டத்து ஆய்வை உலக வாசகர் படிக்கமாட்டார் என்பதும் சரியல்ல. லெனோர் மாண்டர்சன் 1996-இல் வெளியிட்ட, காலனிய மலாயாவின் நோய் வரலாறு பற்றிய நூல், தோட்டங்களையும் தாய்சேய் நலத்தையும் விரிவாகப் பேசி உலகம் முழுதும் மேற்கோள் பெற்றது. ஆனால் அவருக்குக் கிடைத்தவை அதிகாரிகள் எழுதிய ஆவணங்கள். அவற்றுக்கு நிகராக, அண்மைக் காலத்துத் தோட்டப் பெண்களைப் பற்றி நாளைய வரலாற்றாசிரியர் திறந்து பார்க்க என்ன இருக்கும்? ஆய்விதழுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே பயன்படும் வேலைக்கு உள்ளூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வூ யின் லிங் தொடங்கிய ரோஸ் திட்டம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான மாதிரியைப் பெண்களே எடுத்துக்கொள்ளும் முறையை நாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆய்விதழ்களிலும் எழுதி, சாதாரணப் பெண்ணின் கைக்கும் போய்ச் சேர்ந்த வேலை அது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியும்.

காலம் குறைவாக இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் மக்கள் தங்கள் லயங்களை இழந்து வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மற்றவர்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலம் அடுக்குமாடிகளில் கலந்துவிட்டார்கள். 1980-களில் மருந்தடித்த பெண்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். நாட்பட்ட நோய்கள் வெளிப்படும் வயது இது. தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு அப்படி ஒரு பாட்டி மூச்சுத்திணறலோடு வந்தால், தொழில் என்ற கட்டத்தில் சூரி ரூமா (இல்லத்தரசி) என்று எழுதப்படும். இப்போது என்ன வேலை என்றுதான் படிவம் கேட்கிறது. முன்பு என்ன வேலை, எத்தனை ஆண்டுகள், என்ன மருந்து என்று கேட்பதில்லை. அந்த மூன்று கேள்விகளைச் சேர்க்கப் பெரிய மானியம் வேண்டாம். கோல சிலாங்கூர் மாவட்டச் சுகாதார அலுவலகமும் ஒரு பல்கலைக்கழகத் துறையும் மனம் வைத்து, தமிழில் கேட்கத் தெரிந்த தாதியர் சிலரைச் சேர்த்துக்கொண்டால், பழைய தோட்டத்துப் பெயர்ப்பட்டியல்களும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பதிவுகளும் அழியுமுன் அந்தப் பெண்களில் பலரைக் கண்டுபிடித்துவிடலாம்.