வேட்பாளரின் மேக்கப் அறையில் என்ன நடக்கிறது?

எனக்குக் கட்சி மாநாட்டு மேடையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் அறைகள்தான் பிடிக்கும். ஒத்திகை, ஒப்பனை, கடைசி நிமிஷக் கிசுகிசு எல்லாம் அங்கேதான்! வாருங்கள், அமெரிக்கத் தேர்தல்களின் பின்கட்டுக்குள் நுழைவோம்.

முதல் கதவு, 2016. ஹிலாரி கிளின்டன் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட வருஷம். அந்தப் பிரசாரத்தில் தலைமுடிக்கும் முக ஒப்பனைக்கும் மட்டும் எவ்வளவு நேரம் போனது என்று கணக்குப் போட்டுத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சுமார் 600 மணி நேரம்! ராத்திரி பகல் சேர்த்து முழுசாக 25 நாள். ஆண் வேட்பாளர் குளித்து, சவரம் செய்து, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அந்த 25 நாளில் அந்த ஆண் எத்தனை ஊர் போயிருப்பார், எத்தனை கை குலுக்கியிருப்பார்! இதைப் படித்ததிலிருந்து எந்தப் பெண் வேட்பாளரின் படத்தைப் பார்த்தாலும் எனக்கு அதற்குப் பின்னால் ஓடும் கடிகாரம்தான் தெரிகிறது.

பக்கத்து அறையில் ஒத்திகை. ஹிலாரியின் உதவியாளர் ஃபிலிப் ரைனஸ்தான் இங்கே டொனால்ட் டிரம்ப்! தொளதொள கோட்டு, நீளமான டை, உயரம் கூட்டிக் காட்டும் ஷூ என்று முழு வேஷம். இப்படித் தயாராகிப் போன ஹிலாரிக்கு, அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸ் விவாதத்தில் சோதனை வந்தது. அவர் பேசப் பேச டிரம்ப் முதுகுக்குப் பின்னாலேயே நடமாடினார். திரும்பி ஒரு அதட்டுப் போடலாம். போட்டால் மறுநாள் 'கோபக்காரி' என்பார்கள். அவர் மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசி முடித்தார். ஒரு மாதம் முன்புதான் ராணுவம், போர் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் சிரிக்கவே இல்லை என்று குடியரசுக் கட்சித் தலைவர் ரைன்ஸ் பிரீபஸ் குறைப்பட்டிருந்தார். இராக் போரைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு எங்கிருந்து வரும்?

இப்போது எனக்கு மிகப் பிடித்த அறை, 1984! அதிபர் வேட்பாளர் வால்டர் மாண்டேல் தன் துணை அதிபர் வேட்பாளராக நியூயார்க்கின் ஜெரால்டின் ஃபெராரோவை அறிவித்தார். பெரிய கட்சி ஒன்றில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். உடனே பின்கட்டில் ஒரு விதி முளைத்தது: மேடையில் இருவரும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கட்டிக்கொள்வதோ, கோத்த கையை உயர்த்துவதோ கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் நின்று, அவரவர் கையை அவரவர் ஆட்ட வேண்டும். இருவருக்கும் காதல் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று ஃபெராரோவே பிற்பாடு சொன்னார்.

மிசிசிப்பிக்குப் போனால், மாநில விவசாய ஆணையர் ஜிம் பக் ராஸ், புளூபெர்ரி மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்கிறார். ஃபெராரோ விடவில்லை: "நன்றாகத் தெரியும். உங்களுக்கு?" எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது.

எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷுடன் நடக்கவிருந்த விவாதத்துக்கான ஒத்திகையில் புஷ்ஷாக நின்றவர் ராபர்ட் பார்னெட் என்ற வழக்கறிஞர். அவர் தன் வேஷத்தை அவ்வளவு கச்சிதமாகச் செய்ய, ஃபெராரோ எழுந்து வந்து கையிலேயே குத்துவாராம். ஒத்திகை முடியும்போது கன்றிப்போயிருந்தது என்று பார்னெட் சொல்லியிருக்கிறார். மேடையில் காட்ட முடியாத கோபத்தை வேறு எங்கே காட்டுவார், பாவம்!

விவாதம் அக்டோபர் 11, பிலடெல்ஃபியாவில். புஷ் 6 அடி 2 அங்குலம், ஃபெராரோ 5 அடி 4. பெட்டி போட்டு ஏறி நின்றால் 'குள்ளச்சி' என்று கண்ணில் பட்டுவிடும். அதனால் மேடையிலேயே சரிவான தளம் ஒன்று அமைத்து, அதே கம்பளத்தைப் போர்த்திவிட்டார்கள். அவர் படியேறுவதே தெரியாது! இந்த வேலைப்பாட்டை நினைத்து நினைத்து வியக்கிறேன். ஆனால் கேள்வியை யார் சரிவாக்குவது? நீங்கள் பெண் என்பதாலேயே சோவியத் யூனியன் உங்களிடம் வாலாட்டிப் பார்க்காதா என்று அங்கே கேட்டார்கள். சமாதானத்தை நேசிக்க நான் போரில் சண்டை போட்டிருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார் ஃபெராரோ.

40 வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 10. அதே பிலடெல்ஃபியா. டிரம்ப்புடன் விவாதத்துக்கு வந்த அதிபர் வேட்பாளர், துளசேந்திரபுரத்து பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ். அவரும் ஏறக்குறைய ஃபெராரோவின் உயரம். நிற்கப் பெட்டியோ வேறு முட்டோ கூடாது என்று விவாதத்துக்கு முன்பே டிரம்ப் பகிரங்கமாக எழுதினார். பிட்ஸ்பர்க் ஒத்திகையில் மறுபடியும் ரைனஸ்தான் டிரம்ப்! விவாத மேடைக்கு வந்ததும் கமலா நேரே எதிர்ப்பக்கம் நடந்துபோய்க் கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். நான் கைதட்டிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் விவாதம் நடந்தது. கருக்கலைப்பு, உக்ரைன், பொருளாதாரம் எல்லாம் வந்துபோயின. அன்றிரவு சமூக ஊடகத்தில் ஒரு கூட்டம் எதை ஆராய்ந்தது தெரியுமா? அவர் காதிலிருந்தது முத்துத் தோடா, பதில் சொல்லிக்கொடுக்கும் ஒலிக்கருவியா என்று! வெறும் தோடுதான் என்று செய்தி நிறுவனங்கள் உட்கார்ந்து சரிபார்த்து எழுத வேண்டியிருந்தது. அவருடைய பதில்கள் அவருடையவைதான் என்பதற்கே சாட்சி தேவைப்பட்டது. எதிரே நின்றவரின் காதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.