சமூகக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: கட்டணம், துறை, சாதிப் பாதுகாப்பு

கலிஃபோர்னியாவில் வாழும் தலித் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சமூகக் கல்லூரி செலவு குறைந்த வாயில். மாநிலவாசிகளுக்கு ஒரு கிரெடிட்டுக்கு 46 டாலர். 60 கிரெடிட்டுகளுக்குக் கல்விக் கட்டணம் 2,760 டாலர். பல்கலைக்கழக மாற்றத்துக்கென்றே உள்ள இரண்டாண்டுப் பட்டம் பெற்றால், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. விரும்பிய வளாகம் உறுதியல்ல. அதே துறையைத் தொடர்ந்தால் மேலும் 60 கிரெடிட்டுகளில் இளநிலைப் பட்டம் முடியும். துறை மாறினால் பருவங்கள் கூடலாம். பரம்பரைச் சொத்தற்ற குடும்பத்துக்கு ஒவ்வொரு பருவமும் கடனே. எனவே துறையைத் தொடக்கத்திலேயே தீர்மானிப்பது பெருஞ்சேமிப்பு.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அப்பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. கட்டணப் பட்டியலில் இடம்பெறாத இப்பாதுகாப்பு, சாதியை மறைத்தே படிக்க நேர்ந்த மாணவர்க்கு மதிப்புமிக்கது.