பொறியாளர் கையில் பென்சில்

முப்பது ரிக்கார்டு நோட்டுகளைத் திருத்துகிறேன். முப்பதிலும் ஒரே படம், ஒரே பிழை! சென்ற ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதியது. கேட்டால், "நான் என்ன ஓவியனா சார்?" என்பார்கள். பள்ளியில் நன்றாக வரைந்த எனக்கும் எம்.எஸ்ஸி. முடிப்பதற்குள் கை தளர்ந்துவிட்டது. கரும்பலகையில் நான் போட்ட குவிலென்சைக் கண்டு வகுப்பே சிரித்ததுண்டு. தொழில்நுட்பம் கற்றவருக்குச் சித்திரம் எதற்கு? ஒரு பொறியாளரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஜேம்ஸ் நாஸ்மித் 1808-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் புகழ்பெற்ற ஓவியர். மகன் இயந்திரத் தொழிலை நாடினார். ஆனால் தந்தை கொடுத்த பென்சிலைக் கீழே வைக்கவில்லை. 1829-இல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலை கேட்டுச் சென்றபோது, தாம் செய்த சிறு நீராவி எந்திரத்தையும் வரைபடங்களையும் எடுத்துச் சென்றார். வேலை கிடைத்தது. 1836-இல் மான்செஸ்டர் அருகே சொந்த வார்ப்பாலை தொடங்கினார். தோன்றும் யோசனைகளை உடனே வரைந்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார்.

1839 நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. 'கிரேட் பிரிட்டன்' என்ற பெருங்கப்பலின் துடுப்புச் சக்கரங்களுக்கு மிகப் பருத்த இரும்பு அச்சு வேண்டும். அதை அடித்துருவாக்க ஆள் கிடைக்கவில்லை. காரணம் என்ன? அன்றைய சம்மட்டி, நெம்புகோலின் முனையில் பொருத்தப்பட்டது. அது எழும் உயரம் கொஞ்சம். பட்டடைக்கல்லின் மேல் பருத்த இரும்பை வைத்தால், அந்த இடைவெளியையும் இரும்பே அடைத்துக்கொள்ளும். விழும் பொருளின் ஆற்றல் அதன் எடையையும் விழும் உயரத்தையும் பொறுத்தது அல்லவா? ஓங்கி அடிக்க வேண்டிய நேரத்தில் மெல்லத் தட்டத்தான் முடிந்தது.

நாஸ்மித் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பட்டடைக்கல்லுக்கு நேர் மேலே ஒரு நீராவி உருளை. அதன் உந்துதண்டில் தொங்கும் பெரும் இரும்புக் கட்டி. கீழிருந்து நீராவியைச் செலுத்தினால் கட்டி எழும். நீராவியை வெளியேற்றினால் விழும். ஏறத்தாழ அரை மணியில் படம் முடிந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தை விடுத்துத் திருகுந்தியைப் பொருத்த முடிவாயிற்று. ஆகவே படம் நோட்டிலேயே உறங்கியது. 1842-இல் பிரான்சின் லெ க்ரூசோ ஆலைக்குச் சென்றவர் திகைத்துப் போனார். அங்கே நீராவிச் சம்மட்டி வேலை செய்துகொண்டிருந்தது! அவர் ஊரில் இல்லாதபோது வந்த அந்த ஆலையினர் நோட்டைப் பார்த்துச் சென்றிருந்தனராம். (அது தங்கள் சொந்தப் படைப்பே என்று பிரெஞ்சுக்காரர்கள் வாதிட்டதும் உண்டு.) அவ்வாண்டே அவர் காப்புரிமை பெற்றார். கண்டவர் செய்துபார்க்கும் அளவுக்கு ஒரு படம் தெளிவாயிருக்கக் கூடும் என்பதைக் கவனியுங்கள்.

பகலில் ஆலை, இரவில் தொலைநோக்கி. நிலவின் மலைகளையும் பள்ளங்களையும் ஆண்டுக்கணக்கில் வரைந்தார். 1856-இல், 48-ஆம் வயதில், தொழிலிலிருந்து ஓய்வு பெற்று இதில் முழுமையாக மூழ்கினார். அக்காலத்துப் புகைப்படங்களில் நிலவின் நுட்பங்கள் தெளிவாக விழவில்லை. எனவே தம் படங்களைக் கொண்டு சுண்ண மாதிரிகள் செய்து, வெயிலில் வைத்துப் படமெடுத்தார். வானியலர் ஜேம்ஸ் கார்ப்பென்ட்டருடன் 1874-இல் வெளியிட்ட நூலில் அவை இடம்பெற்றன.

அவற்றில் குறையும் உண்டு. மலைகள் உண்மையைவிடக் கூர்மையாக இருந்தன. பள்ளங்கள் எரிமலை வாய்கள் என்று அவர் நம்பினார். பெரும்பாலானவை விண்கற்கள் மோதியதால் ஆனவை என்பது இன்று தெளிவாகியுள்ளது. கண் காண்பதோடு மனம் நம்புவதையும் கை வரைந்துவிடும். ஆகவே வரைந்ததைப் பொருளோடு மீண்டும் மீண்டும் ஒப்பிட வேண்டும்.

இன்று கணிப்பொறி கோட்டை நேராக்கித் தரும். எந்தக் கோடு வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பூட்டு, குழாய், சைக்கிள் என ஏதேனும் ஒன்றை முதலில் நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு அதைப் பார்த்து வரையுங்கள். சங்கிலி எந்தச் சக்கரங்களை இணைக்கிறது என்பதில் பென்சில் தயங்கினால், அதை நீங்கள் இதுவரை சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

நானும் தொடங்கிவிட்டேன். என் குவிலென்சு இப்போது ஓரளவு லென்சு போலவே இருக்கிறது.